ஆறாம் சேனல், சுவருக்குள்

ட்வோரொய்ரி மீன் ஆலையில்
புதுத் தராசுகள் வந்த நாள்முதல் திக்குகின்றன.
காட் மீன் பெட்டி நகர்ந்துவிடும், எடை வராது.
பெல்ட்டை நிறுத்திவிட்டு ரன்வா கத்துகிறாள்:
"உன் வைஃபை செத்துப்போச்சு, பெய்ன்டா!"
சாகவில்லை. திக்குகிறது.
இரண்டும் வேறு என்று சொன்னால் அடிப்பாள்.

உறைகிடங்கு வாசலில் கவிழ்த்த கூடைமேல் மடிக்கணினி.
கையுறையில் நான்கு விரல் நுனிகளை வெட்டியாயிற்று.
ரேடியோவைக் கேட்கும் நிலைக்கு மாற்றினேன்,
இனி அது யாருக்கும் பதில் சொல்லாது.

முதலில் எழுதிய நிரல் படுமோசம்.
காற்றில் போன எல்லாவற்றையும் வாரினேன்.
ஒவ்வொரு பொட்டலத்தையும் கெர்னலிலிருந்து தூக்கி
நகலெடுத்து, நகலை நகலெடுத்து,
திரையில் அச்சிட்டு, அப்புறம் யோசித்தேன்.
'தவறவிட்டவை: எழுநூற்றுப் பன்னிரண்டு'
என்றது கடைசி வரி, கடன்காரன் குரலில்.
வலைபோடும் ஊரில் பிறந்தவள்,
கண்ணி அளவு பார்க்காமல் வீசியிருக்கிறேன்.

அழித்தேன்.
சல்லடையைக் கெர்னலுக்குள்ளேயே இறக்கினேன்:
பீக்கன் மட்டும் மேலே வரட்டும்,
மற்றதெல்லாம் அங்கேயே உதிரட்டும்.
இடையில் ஒரு வட்டத் தொட்டி, பொது நினைவகம்.
அது ஒரு பக்கம் ஊற்ற, நான் மறுபக்கம் மொள்ள,
நகல் என்ற பேச்சே இல்லை.
ஒவ்வொன்றிலும் முதல் ஐந்நூறு பைட் போதும்.
ரன்வா இடைவேளையில் யாரோடு குறுஞ்செய்தி பேசுகிறாள்
என்பது இந்தக் கணக்கில் சேராது.
தவறவிட்டவை: சுழி.
ஒரு மிடறு காபி. ஆறியிருந்தது.

நொடிக்குப் பத்துத் தரம் ஒவ்வொரு பெட்டியும்
தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்கிறது.
எண், நீளம், பொருள்.
எண், நீளம், பொருள்.
என் பெயர் இது, என் வேகங்கள் இவை,
கதவில் பூட்டு உண்டு.
புரியாத எண் வந்தால் நீளத்தைப் பார்த்துத் தாண்டிப் போகலாம்.
நீளமே பொய் சொன்னால்
என் நிரல் விளிம்பைத் தாண்டி விழுந்து
வெற்று நினைவகத்தை வாசித்து உளறும்.
(ஒருமுறை உளறியது. அதற்கொரு வேலி போட்டேன்.)

நான் மாட்டியவை ஏழு.
ஏழிலும் ஒரே பிட் எரிகிறது:
அருகே பழைய ஆள் ஒருவர் இருக்கிறார், பார்த்துப் பேசவும்.
எட்டாவது, நான் மாட்டாதது, கீழே:
பெயர், நீளம் சுழி.
வேகம் ஒன்று, இரண்டு, ஐந்தரை, பதினொன்று. அதோடு சரி.
பூட்டு, சுழி.
இதற்காகத்தான் ஏழும்
ஒவ்வொரு முறை வாய் திறக்குமுன்னும்
இதற்குப் புரியும் நிதானத்தில்
'கொஞ்சம் பொறு' சொல்லிவிட்டுத் தொடங்குகின்றன.

மடிக்கணினியை ஏந்தி நடந்தேன்.
மைனஸ் எழுபத்தொன்று. ஐம்பத்தெட்டு. நாற்பது.
மைனஸ் முப்பத்தொன்றில் சுவர்.
வெள்ளைச் சாந்து, மேலே 'கை கழுவவும்'.
எப்போதோ ஒரு கொத்தனார் அதை உள்ளேயே வைத்துப் பூசியிருக்கிறார்.

ரன்வா சுத்தியல் கொண்டுவந்தாள்.
நான் மின்பலகைக்குப் போனேன்.
பத்தொன்பதாம் சுவிட்ச், பெயர்ச்சீட்டு இல்லை.
தட்டினேன். எட்டாம் வரி நின்றது.
தராசுகள் ஒழுங்காகப் பேசின, சரியாக ஒரு நிமிடம்.

மாடியிலிருந்து மேலாளர் ஹைனி இறங்கி ஓடிவந்தார்,
காலில் ஒரு பூட்ஸ்தான்:
"மூன்றாம் கிடங்கின் வெப்பநிலை காணோம்!"

அந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர் இருந்தது,
உறைகிடங்கின் தெர்மாமீட்டர்.
அது அனுப்பியதெல்லாம் தரவுப் பொட்டலம்,
பீக்கன் இல்லை.
என் சல்லடை சுத்தமாய் உதிர்த்தவற்றில்
இரவும் பகலும் மைனஸ் இருபத்திரண்டு, மைனஸ் இருபத்திரண்டு
என்று விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

சுவிட்சை ஏற்றினேன்.
ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டினேன்: தொடாதே, மீன்.
புதுத் தெர்மாமீட்டர் வியாழக்கிழமைக் கப்பலில்,
காற்று விட்டால்.
ரன்வா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு
காதில் செருகிய பென்சிலை எடுத்தாள்.
"முப்பத்தொன்று நானூறு," என்றாள் அடுத்த பெட்டிக்கு,
கத்தாமல்.